வானத்துப் புள்ளியும் வயிற்றுக் குழந்தையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, "டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றியோ கொலஸ்ரரோலைப் பற்றியோ சொல்லுங்கோவன்" என்றார்கள். அது பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது ராடரைப் பற்றி. அதிலும், பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் உருவத்தை ராடரால் எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்பதைப் பற்றி. "பிள்ளைப்பேற்று வார்ட்டில் நிற்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று முன்வரிசையில் ஒரு ரீச்சர் புன்னகைப்பது தெரிகிறது. கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள், ரீச்சர். அந்த இடத்துக்கும் வருவோம்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எங்களுக்கு வானம் எப்போதும் வெறும் வானமாக இருந்ததில்லை. உயிர்த்த ஞாயிறு என்றதும் நம் எல்லோருக்கும் 2019ஆம் ஆண்டும் கொச்சிக்கடையும் நினைவுக்கு வரும். அதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்னரும் ஓர் உயிர்த்த ஞாயிறு இந்த ஊரைக் கலக்கியது. 1942 ஏப்ரல் 5. ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல் நாளே கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானத்தில் கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். ஆக, அவர்கள் வருவார்கள் என்று தெரிந்திருந்தது. ஆனால் வந்தபோது தெரியவில்லை. அப்போது கொழும்பில் புதிதாக ஒரு ராடர் நிலையம் இருந்தும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஏன் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நின்றபோதே எதிரி விமானங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டன. எங்கள் துறைமுகத்தில் ரெனிடோஸ், ஹெக்ரர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ராடர் முன்கூட்டியே கண்டது. அங்கே போர் விமானங்கள் மேலெழ நேரம் கிடைத்தது.

அன்று அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் என்று தவறாக எண்ணிப் போட்டார்கள் என்பது பலரும் எழுதியிருக்கும் விளக்கம். மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருப்பது என்னவென்று தெரியவில்லை. கீழே இருந்தவர்களுக்கு மேலே வருவது தெரியவில்லை.

இதை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்கள் முறையும் வந்தது. 2007 ஏப்ரல் 29 அதிகாலை. உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த இரவு. அப்போது நாங்கள் பயிற்சி மருத்துவர்கள். இரவுக் கடமையில் நின்றோம். திடீரென்று நகரம் இருண்டது. யன்னலால் பார்த்தால் சிவப்புக் கோடுகளாகக் குண்டுகள் வானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கொலன்னாவையும் முத்துராஜவெலவும் தாக்கப்பட்டன என்று காலையில்தான் அறிந்தோம். 2008 ஒக்ரோபர் 28 இரவு இந்தப் பாடசாலைக்கு அண்மையிலுள்ள களனிதிஸ்ஸ மின்நிலையம் தாக்கப்பட்டது. வார்ட்டில் இருந்த தாய்மாரும் தாதிமாரும் சிற்றூழியர்களும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், அந்த இருட்டில் கேட்டது ஒரே கேள்வி: "அது என்ன? ஆற்றை?"

இந்தக் கேள்விக்குச் சாதாரண ராடரால் பதில் சொல்ல முடியாது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

ராடர் செய்வது எளிய வேலை. வானலை ஒன்றை அனுப்புகிறது. அது எதிலோ பட்டுத் திரும்புகிறது. போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. திரையில் ஒரு புள்ளி தோன்றுகிறது. எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அந்தப் புள்ளி சொல்லும். முந்நூறு பேர் இருக்கும் பயணிகள் விமானமா, இருவர் இருக்கும் சிறு விமானமா என்று சொல்லாது.

ஏன் சொல்லாது? உயர்தர வகுப்பில் நாம் படித்த கணக்குத்தான். ராடரின் அலைநீளம் 3 சென்ரிமீற்றர், அன்டெனாவின் அகலம் 3 மீற்றர் என்று வையுங்கள். அது அனுப்பும் கற்றை 30 கிலோமீற்றர் தூரத்தில் 300 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதற்குள் நான்கைந்து பெரிய விமானங்கள் இறக்கையோடு இறக்கை தொட்டு நின்றாலும் ஒரே புள்ளிதான். அதே தூரத்தில் ஒரு மீற்றர் இடைவெளியைப் பிரித்துக் காண வேண்டுமானால் அன்டெனா ஏறத்தாழ 900 மீற்றர் நீளமாக இருக்க வேண்டும். அதாவது, எங்கள் புனித லூசியா பேராலயத்தில் தொடங்கிக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரை ஒரே அன்டெனா! யாரால் கட்ட முடியும்?

கட்டத் தேவையில்லை என்பதுதான் இந்த நுட்பத்தின் அழகு. அன்டெனா ஓரிடத்தில் சும்மா நிற்கட்டும். விமானம் ஓடுகிறதல்லவா? செக்கனுக்கு 150 மீற்றர் வேகத்தில் எங்கள் முன்னால் குறுக்கே போகும் விமானம் ஆறே செக்கனில் 900 மீற்றர் போய்விடும். அந்த ஆறு செக்கனும் வந்த எதிரொலிகளை வரிசையாகச் சேமித்து, கணினியில் ஒன்றுகூட்டினால், அந்த நீள அன்டெனா செய்யும் வேலையை விமானத்தின் அசைவே செய்து கொடுத்துவிடுகிறது. நமக்குத் தொல்லை என்று நாம் நினைத்த ஓட்டமே நமக்குக் கண்ணாகிறது.

இன்னொரு விதமாகவும் விளங்கிக்கொள்ளலாம். ஆடிவேல் தேர் வீதி மூலையில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். தேரின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும். மறுபக்கம் நம்மை விட்டு விலகும். குறுக்கே பறக்கும் விமானமும் அப்படித்தான். ராடருக்கு அது மெல்லத் திரும்புவது போலத் தெரியும். ஆறு செக்கனில் இரண்டு பாகைக்கும் குறைவான திருப்பம். ஆனாலும் ஒரு பகுதி சற்று நெருங்குகிறது, மற்றது சற்று விலகுகிறது. நெருங்கும் பகுதியிலிருந்து வரும் அலையின் மீடிறன் சற்றுக் கூடும், விலகும் பகுதியினது சற்றுக் குறையும். வெள்ளவத்தைக் கரையோரம் ரயில் கூவிக்கொண்டு கடந்து போகும்போது ஒலி மாறுமே, அதே தொப்பிளர் விளைவு.

எவ்வளவு மாற்றம் தெரியுமா? செக்கனுக்கு 1000 கோடி முறை அதிரும் அலையில், விமானத்தின் நடுவிலிருந்து 15 மீற்றர் தள்ளியிருக்கும் ஒரு முனை ஏற்படுத்தும் மாற்றம் வெறும் ஐந்து. 1000 கோடியில் ஐந்து! அதையும் பிரித்து அறிகிறார்கள். பொறுமையாக ஆறு செக்கன் கேட்பதன் காரணம் அதுதான். மீடிறன் மாற்றம் குறுக்குவாட்டில் இடத்தைச் சொல்கிறது. போய்வரும் நேரம் நெடுக்குவாட்டில் இடத்தைச் சொல்கிறது. ராடர் 30 கோடி ஹேர்ட்ஸ் அகலத்துக்கு மீடிறனை மாற்றி மாற்றி அனுப்பினால் அந்தப் பக்கமும் அரை மீற்றர் வரை பிரிக்கலாம். இரண்டையும் ஒரு சதுரக்கோட்டுத் தாளில் குறித்தால், புள்ளியாக இருந்தது மூக்கும் வாலும் இறக்கை முனைகளும் இயந்திரங்களுமாக விரிகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விமானம் நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. காற்றில் குலுங்கும், ஏறும், இறங்கும். அலைநீளம் 3 சென்ரிமீற்றர் என்பதால் ஓரிரு மில்லிமீற்றர் பிழைகூடப் படத்தைக் கலைக்கத் தொடங்கும். 30 கிலோமீற்றருக்கு அப்பால் ஓடும் ஒன்றின் இடத்தை மில்லிமீற்றர் கணக்கில் யார் அளந்து தருவது?

இதற்கு ஒரு விடையைத் தந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேர்னாட் ஸ்ரெயின்பேர்க். அவரும் அவருடைய மாணவர்களும் பிலடெல்பியாப் பக்கத்து வானில் பறந்த சாதாரண பயணிகள் விமானங்களையே படம் பிடித்தார்கள். அவருடைய விடை இது: வெளியிலிருந்து அளக்க வேண்டாம். விமானத்திலேயே பளிச்சென்று அலையைத் திருப்பி அனுப்பும் ஒரு புள்ளி இருக்கும். அதை அசையாத புள்ளி என்று பிடித்துக்கொள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அள. குலுக்கம் எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவானது. ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் எல்லாவற்றிலிருந்தும் அது கழிந்துவிடும்.

இங்கேதான் எங்கள் வார்ட் வருகிறது. இதே ஸ்ரெயின்பேர்க்கின் ஆய்வுக்குழு பின்னர் பெண்களின் மார்பக ஸ்கேனில் இறங்கியது. மார்பகத்தில் கொழுப்பும் சுரப்பியும் கலந்து கிடப்பதால் ஒலியலை வளைந்து நெளிந்து வருகிறது, படம் மங்குகிறது. விமானத்தின் குலுக்கத்தைக் கழித்தது போல, திரும்பி வந்த ஒலியிலிருந்தே அந்த நெளிவை அளந்து கழிக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். வானத்துக்கென்று எழுதிய கணக்கு மார்பகக் கட்டியைத் தேடும் கணக்காயிற்று.

இந்த உறவு புதியதும் அல்ல. 1958இல் கருவிலுள்ள குழந்தையின் அல்ட்ராசவுண்ட் படங்களை உலகுக்குக் காட்டிய கிளாஸ்கோ மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையில் பணியாற்றி ராடரையும் சோனாரையும் அறிந்திருந்தவர். நம்மில் எத்தனை தாய்மார் தம் பிள்ளையின் முதல் முகத்தை ஸ்கேன் திரையில் பார்த்திருப்போம்! அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது விமானத்தைத் தேடிய காலத்தின் அறிவு.

பயிற்சிக் காலத்தில் ஸ்கேன் செய்யும்போது நாங்கள் ஓயாமல் சொன்ன சொல் "அசையாதேங்கோ அம்மா" என்பதே. தாய் மூச்சை அடக்குவார், பிள்ளை அடக்காது. உதைக்கும், புரளும். எங்களுக்கு எரிச்சல் வரும். பின்னர் ஒரு மூத்த மருத்துவர் தொப்புள்கொடியில் ஓடும் இரத்தத்தின் தொப்பிளர் படத்தைக் காட்டினார். "தொப்புள்கொடித் தொப்பிளர்" என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இதயத் துடிப்பு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அந்த ஓட்டம் நின்றுபோனால், நச்சுக்கொடி தளர்ந்துவிட்டது, பிள்ளைக்கு ஆபத்து நெருங்குகிறது என்று விளக்கினார். அசையாத படத்தில் அந்தப் பிள்ளை அழகாகத் தெரிந்தது. அது தவிப்பதைச் சொன்னது அசைவுதான். அன்று மாலையே சத்திரசிகிச்சை மூலம் அந்தப் பிள்ளை பிறந்தது; மிகச் சிறியது, ஆனால் பிழைத்தது. அன்றிலிருந்து அசைவைக் கண்டு எரிச்சல்படுவதை விட்டோம்.

விமானத்தின் உருவப் படத்துக்குத் திரும்புவோம். அதன் குறைகளையும் சொல்லாவிட்டால் நாங்கள் மருத்துவர்கள் அல்ல, விளம்பரக்காரர்கள்.

முதலாவது, அது புகைப்படம் அல்ல. அலையை நன்றாகத் திருப்பும் இடங்கள் மட்டும் ஒளிரும். வழுவழுப்பான பரப்புகள் இருளும். சுழலும் விசிறிகளும் இயந்திர இதழ்களும் தீற்றலாகத் தெரியும். எங்கள் ஸ்கேன் படம் போலவே வாசிக்கப் பழகிய கண் வேண்டும். இரண்டாவது, விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்பிற்று என்று தெரியாவிட்டால் குறுக்கு அளவு சரியாக வராது. ஒல்லியானது பருமனாகத் தெரியலாம். மூன்றாவது மிக முக்கியமானது: நேராக நம்மை நோக்கி வரும் விமானம் திரும்புவதேயில்லை. திருப்பம் இல்லையென்றால் உருவமும் இல்லை. எதைக் கண்டு மிக அஞ்சுகிறோமோ அதைப் பற்றித்தான் மிகக் குறைவாக அறிகிறோம்.

கப்பலுக்கும் இந்த முறை பொருந்தும். சென்னைக்கு அருகே அரக்கோணத்திலுள்ள இந்தியக் கடற்படைத் தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களின் ராடரால் கப்பல்களை இவ்வாறு படம் பிடிக்க முடியும். அங்கே கப்பல் அலையில் ஆடும் ஆட்டமே படத்தைத் தருகிறது. கடல் அமைதியானால் படம் மங்கும். 2018 ஏப்ரலில் சீனாவின் தியாங்கொங்-1 விண்வெளி நிலையம் கட்டுப்பாடிழந்து பூமியில் விழுவதற்கு முன், ஜெர்மனியின் பொன் நகருக்கு அருகிலுள்ள 34 மீற்றர் ராடர் அன்டெனா அதன் உருவத்தை இறக்கைப் பலகைகளோடு படம் பிடித்துக் காட்டியது.

இவ்வளவும் எதற்கு? 1988 யூலை 3ஆம் திகதி பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், தன்னை நோக்கி வந்த ஒரு புள்ளியைப் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டது. அது ஈரானின் பயணிகள் விமானம். 290 பேர் இறந்தார்கள். அந்த எயார்பஸின் நீளம் ஏறத்தாழ 54 மீற்றர். அவர்கள் நினைத்த எப்-14 போர் விமானத்தின் நீளம் 19 மீற்றர். ஆனால் புள்ளிக்கு நீளம் இல்லை. விமானப் படங்களைப் பற்றிய ஸ்ரெயின்பேர்க்கின் கட்டுரை அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது.

உருவம் காட்டும் ராடர் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் அவர்கள் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். விமானம் கப்பலை நோக்கி வந்தது. உருவம் கிடைத்திருக்குமோ தெரியாது. அதோடு, "நான் பயணிகள் விமானம்" என்ற குறியீட்டை அது தானாகவே அனுப்பிக்கொண்டுதான் வந்தது. அந்தக் குறியீடு கப்பலுக்குக் கிடைத்தும் அச்சம் வேறு விதமாக வாசித்தது. கருவி தருவதை மனிதர்தான் வாசிக்கிறார். ஸ்கேன் அறையிலும் அப்படித்தான். முன்முடிவோடு திரையைப் பார்ப்பவருக்குத் திரை அதையே காட்டும்.

புள்ளியாகப் பார்க்கப்படுவது என்னவென்று கொழும்பில் வாழ்ந்த நாம் அறிவோம். வானத்திலிருந்து குண்டு விழுந்த அதே 2007இல், யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவர்களில் வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று எத்தனை உருவங்கள்! அந்த நாட்களில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீதித் தடையில் நின்ற நம் ஒவ்வொருவரையும் பார்த்தவர்களுக்கு நாம் ஒரு புள்ளி. அதேபோல, தடையில் துவக்கோடு நின்ற அந்தத் தூரத்துக் கிராமத்துப் பெடியனும் நமக்கு ஒரு புள்ளியாகவே இருந்தான் என்பதையும் இன்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பௌதிகவியல் ரீச்சர் கணக்கின் விடையை மட்டும் பார்த்து ஒருநாளும் சரி போட்டதில்லை. "வந்த வழியைக் காட்டு" என்பார். அப்போது அது எங்களுக்குப் பெரும் கரைச்சல். இன்று யோசித்தால், ராடர் செய்வதும் அதுதான். ஒரு கணத்தைப் பார்த்து முடிவு சொல்லாமல், வந்த வழி முழுவதையும் கேட்டு, சேர்த்து, அதன் பின்னர்தான் "இது இன்னது" என்கிறது.

இங்கே இருக்கும் உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கு ஒரு சொல். மருத்துவ பீடத்துக்குப் போகும் வழியில் தாண்ட வேண்டிய கிடங்காகத்தான் நாங்கள் பௌதிகவியலைப் பார்த்தோம். அது எங்கள் பிழை. இன்று நாங்கள் தொடும் ஸ்கேன், சி.ரி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பௌதிகமே. உங்களில் சிலராவது கருவியைப் பயன்படுத்துபவர்களாக மட்டும் இல்லாமல் கருவியை ஆக்குபவர்களாக வர வேண்டும். அதற்கு எமது பாடசாலையின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தைப் புதுப்பிக்கும் பணியில் எங்கள் வகுப்பு சங்கத்தோடு சேர்ந்து நிற்கும். கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் எங்கள் தோழிகளையும் சேரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பாடசாலையில் எங்களை யாரும் புள்ளியாகப் பார்க்கவில்லை. வகுப்பில் நாற்பது பேர் இருந்தும் இன்னாருக்குக் கண் சரியில்லை, இன்னார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று எங்கள் ரீச்சர்மாருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்களும் வார்ட்டில் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் ஒவ்வொரு தாயையும் இன்னும் ஆறு செக்கன் கூடுதலாகப் பார்க்க முயல்கிறோம். எல்லா நாளும் முடிவதில்லை. முடிந்த நாட்களுக்கு இந்தப் பாடசாலைக்கே நன்றி.